போட்டோஸ்டேட் கடைக் கணினி: மேலேற்றியதும் புதிதாகப் போட்டதும்

கணினி 2011-ல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-2100, எச்61 மதர்போர்டு, 2 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி டிரைவ். வந்தபோது விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், 32-பிட். 2016 ஜூலை 29-ஆம் தேதியோடு இலவச மேம்படுத்தல் முடிந்தது அல்லவா, அதற்கு முன் யாரோ விண்டோஸ் 10 ஹோமுக்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் 32-பிட்தான். அதன்பின் தானாகவே நகர்ந்து நகர்ந்து 1909 பதிப்புக்கு (2019 இறுதியில் வெளியானது) வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு போட்டோஸ்டேட் கடையில். நகல் எடுப்பது மட்டும் வேலை இல்லை. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து திருமண அழைப்பிதழ், கருமக்கிரியை அறிவிப்பு, கோவில் திருவிழாவின் உபயப் பட்டியல், கார் கண்ணாடிக்கு வேல் ஸ்டிக்கர் என்று எல்லாமே இங்கேதான் வரும். கடைக்கார அண்ணன் முன்பு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். அந்தப் பழக்கத்தில் எந்தக் கோப்பையும் அழிக்கவே மாட்டார். 2003-ல் அடித்த அழைப்பிதழ்கூட பழைய கணினியிலிருந்து இதற்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதலாக ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும். ஆனால் கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-ல் இருக்க வேண்டும். இது 1909-ல் நிற்கிறது. 1909-க்கு ஹோம் பதிப்பில் ஆதரவு 2021 மே மாதமே போய்விட்டது. இதில்தான் அண்ணன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறார்.

விண்டோஸ் 11 பக்கம் நான் போகவில்லை. அதற்கு 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் செயலி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இரண்டும் கேட்கிறார்கள். ரூஃபஸ் மென்பொருளால் அந்தச் சோதனையைத் தாண்டிவிடலாம், ஐ3-2100-ல் ஓடவும் செய்யும். என் சொந்தக் கணினி என்றால் செய்திருப்பேன். அப்படிப் போட்டால் புதுப்பிப்பு வரும் என்ற உத்தரவாதம் இல்லை. பிழைப்பு நடக்கும் கடையில் அந்த விளையாட்டு வேண்டாம். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் பற்றிப் பேச்செடுத்தேன். “தம்பி, எழுத்து மாறக்கூடாது, பிரிண்டர் நிக்கக்கூடாது. மத்ததெல்லாம் நீ பாத்துக்க” என்றார் அண்ணன். அந்த இரண்டு நிபந்தனைகள்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தன.

முதலில் பெட்டியைத் திறந்தேன். தூசியை விடுங்கள், பவர் சப்ளைக்கு மேலே பல்லி முட்டை இரண்டு. சிபியு விசிறியைக் கழற்றினால் பழைய பசை பொடியாக உதிர்ந்தது. சின்ன பிரஷ், ஐசோபுரொபைல் ஆல்கஹால், புதுப் பசை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் 1.9 வோல்ட் காட்டியது. 3 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி. பிளக்கைப் பிடுங்கி வைத்தால் தேதி 2011-க்குத் திரும்பிவிடுகிறது என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். தேதி தவறாக இருந்தால் பாதி இணையதளங்கள் திறக்காது, விண்டோஸ் ஆக்டிவேஷனும் தகராறு செய்யும். இந்த வேலையில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் அந்த 4 வெள்ளி (ரிங்கிட்) பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஆவணங்கள். 38 ஜிபி. வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன்.

எழுத்து மாறக்கூடாது என்ற நிபந்தனைக்கு மேம்படுத்தல்தான் பொருந்தும் என்று பட்டது. இருப்பதன் மேலேயே 22எச்2-வை ஏற்றினால் எழுத்துருவும் பிரிண்டரும் அப்படியே இருக்கும். 32-பிட் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, விண்டோஸுக்குள் இருந்தபடியே செட்அப்பை ஓட்டினேன். காலையிலேயே தொடங்கினேன். பேராக்கில் மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால் கரண்டை நம்ப முடியாது, கடையில் யுபிஎஸ்ஸும் இல்லை.

சற்று நேரத்தில் நின்றது. ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ பகிர்வை, அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதியை, புதுப்பிக்க முடியவில்லை என்றது. இத்தனை ஆண்டு 1909-லேயே கிடந்ததற்கும் இதுதான் காரணம். விண்டோஸ் 7 தன்னை நிறுவும்போது துவக்கக் கோப்புகளுக்காக டிஸ்க்கின் முன்பகுதியில் 100 எம்பி ஒதுக்கி வைக்கும். அந்தக் காலத்துக்கு அது தாராளம். புதிய பதிப்புக்கு அதில் குறைந்தது 15 எம்பி காலியாக இருக்க வேண்டும். இங்கே இருந்தது 9.

டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பகிர்வுக்கு ஒய் என்று டிரைவ் எழுத்துக் கொடுத்தால் உள்ளே போகலாம். ‘பூட்’ கோப்புறைக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்று ஒன்று. துவக்கத் திரையில் சீனம், ஜப்பானியம், கொரியம் காட்டுவதற்கான எழுத்துருக்கள் அதில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சில எம்பி. அவை போனால் ஆங்கிலத்தில் துவங்கும் கணினிக்கு எந்த நட்டமும் இல்லை. நிர்வாகி உரிமை எடுத்து அழித்தேன். அதோடு அந்தப் பகிர்வின் என்டிஎஃப்எஸ் பதிவுக் கோப்பும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். செக்டிஸ்க் கட்டளையில் பதிவின் அளவை 5000 கேபி என்று கொடுத்தால் சுருங்கிவிடும். இரண்டும் சேர்ந்து 30 எம்பிக்கு மேல் காலியானது. வேலை முடிந்ததும் ஒய் எழுத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கடையில் யாராவது அதில் கோப்பைச் சேமித்து மறுபடி நிரப்பிவிடுவார்கள்.

மறுபடி செட்அப். இம்முறை ஓடியது. மூன்று மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட. முடிந்தபோது 22எச்2, எழுத்துரு எல்லாம் இருக்கிறது, பிரிண்டர் அடிக்கிறது, டெஸ்க்டாப்பில் அண்ணனின் பேரக் குழந்தை படம்கூட அதே இடத்தில். பழைய விண்டோஸ் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற கோப்புறையில் 20 ஜிபியாக உட்கார்ந்திருந்தது. பத்து நாளுக்குள் வேண்டுமென்றால் திரும்பிப் போகலாம், அதன்பின் அதுவே அழிந்துவிடும்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் பயன்படுத்திப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. சுவிட்சைத் தட்டியதிலிருந்து அழைப்பிதழ் திறக்கும் வரை நான்கு நிமிடம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது. பாதி அழித்த ஆன்டிவைரஸ் இரண்டின் மிச்சம், எப்போதோ தூக்கிப் போட்ட மூன்று பிரிண்டர்களின் டிரைவர்கள், எல்லாமே 2011-லிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி வந்தவை. மேம்படுத்தல் எதையும் விட்டுவிடாது என்பதுதான் அதன் நல்லதும் கெட்டதும். ரேம் 4 ஜிபி போட்டிருந்தும் விண்டோஸ் பயன்படுத்துவது 3.4-தான். 32-பிட் ஹோம் பதிப்பில் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. 32-பிட்டிலிருந்து 64-பிட்டுக்கு மேம்படுத்தும் வழி விண்டோஸில் கிடையாது. புதிதாகத்தான் போட வேண்டும்.

எஸ்எஸ்டி வாங்கி இதையே அதில் நகலெடுத்து விட்டால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். வேகம் வரும், பாதி நியாயம்தான். கணினி ஏற்கெனவே 64-பிட்டாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன், புதிதாகப் போடுகிற தலைவலியே வேண்டாம். இங்கே 32-பிட் கழுத்தைப் பிடிக்கிறது.

ஆகவே புது எஸ்எஸ்டியில் புது விண்டோஸ், பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்திருப்பது என்று முடிவு. பழையதை ஃபார்மட் அடிக்காமல் புதிதாகப் போட முடியும்போது ஏன் அடிக்க வேண்டும்?

கழற்றுவதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து ஒரு பட்டியல் எடுத்தேன். இந்த வேலையில் அதிகம் பலன் தந்தது இதுதான். நிறுவிய மென்பொருள்கள், பிரிண்டர் எந்த போர்ட்டில் இருக்கிறது, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் காம் போர்ட் எண், பிரவுசர் புக்மார்க்குகள். ஃபாண்ட்ஸ் கோப்புறையைத் தேதிப்படி வரிசைப்படுத்தினால் விண்டோஸோடு வந்தவை ஒரு கூட்டமாகவும், மனிதர்கள் போட்டவை தனியாகவும் பிரிந்து நிற்கும். அப்படிப் பிரிந்தவை நாற்பது சொச்சம், பெரும்பாலும் தமிழ். அவற்றைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். கடையில் லிப்ரே ஆபீஸ்தான் ஓடுகிறது. அதன் பயனர் கோப்புறையை ‘ஆப்டேட்டா’வுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டால் அண்ணன் சேர்த்து வைத்த வார்ப்புருக்களும் தானியங்கித் திருத்தங்களும் கூடவே வந்துவிடும்.

எஸ்எஸ்டியை மாட்டிவிட்டு பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கினேன். இதைச் செய்யாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு நிறுவினால் விண்டோஸ் தன் துவக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். பிறகு என்றைக்காவது பழையதைக் கழற்றினால் புதியது துவங்காது. அப்படித் தவிக்கும் கணினிகள் என்னிடம் பழுதுபார்க்க வந்திருக்கின்றன.

பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை பழைய ‘ஐடிஇ’ என்று இருந்தது. 2011-ல் நிறுவியவர் அப்படியே விட்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் இதைப் புதிய ‘ஏஎச்சிஐ’க்கு மாற்றினால் அடுத்த துவக்கத்தில் விண்டோஸ் ஏறாது, நீலத்திரைதான். புதிதாகப் போடும்போது அந்தக் கவலை இல்லை, மாற்றிவிட்டு நிறுவினால் சரி. ரூஃபஸில் பென்டிரைவ் தயாரிக்கும்போது இந்த போர்டுக்குப் பழைய துவக்க முறையான எம்பிஆர், பயாஸ் என்று தேர்ந்தெடுத்தேன்.

நிறுவியது இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. பதிப்பு ஹோம், சாவி கேட்கும் இடத்தில் ‘என்னிடம் சாவி இல்லை’. நெட் கேபிளை மாட்டாமல் விட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே உள்ளே விடுகிறது. பிறகு கேபிளை மாட்டியதும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. 2016-ல் கிடைத்த உரிமம் மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. 32-பிட்டா 64-பிட்டா என்பது அதற்குப் பொருட்டல்ல. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்வதற்கு மட்டும் அண்ணனின் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தோம். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை.

அதன்பின் அண்ணன் வந்து ஒரு பழைய அழைப்பிதழைத் திறந்தார். திரை முழுக்க மேலே கோடும் புள்ளியும் வைத்த ரோமன் எழுத்துகள். “என்ன தம்பி இது, வெள்ளக்காரன் வீட்டுக் கல்யாணமா?” என்றார்.

யூனிகோட் வருவதற்கு முந்தைய தமிழ் இப்படித்தான். மலேசியாவில் முரசு மென்பொருள் 1985-லேயே வந்துவிட்டது. கணினியில் தமிழ் அடிப்பது இந்த ஊர்களில் பழைய பழக்கம், அதனாலேயே பழைய குறியாக்கக் கோப்புகளும் மிகுதி. டிஸ்கி போன்ற பழைய குறியாக்க முறைகளில் தமிழ் எழுத்துகள் 128-லிருந்து 255 வரையிலான இடங்களில் உட்கார்ந்திருக்கும். அதற்குரிய எழுத்துரு இருந்தால் அது தமிழ், இல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்து. கோப்பு கெடவில்லை, கண்ணாடி மட்டும் இல்லை.

பென்டிரைவிலிருந்து நாற்பதையும் தேர்ந்தெடுத்து நிறுவினேன். லிப்ரே ஆபீஸில் தமிழ் திரும்பியது. ஸ்டிக்கர் வெட்டும் மென்பொருளில் மட்டும் ஒன்றைக்கூடக் காணோம். விண்டோஸ் 10-ல் 1809 பதிப்பிலிருந்து ‘நிறுவு’ என்று சாதாரணமாகக் கொடுத்தால் எழுத்துரு அந்த ஒரு பயனரின் கோப்புறைக்குத்தான் போகிறது. பழைய மென்பொருள்கள் விண்டோஸின் பொது ஃபாண்ட்ஸ் கோப்புறையை மட்டும்தான் பார்க்கும். வலது கிளிக் செய்து ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்று கொடுத்த பிறகு வந்துவிட்டது.

புதிய கோப்புகளில் வேறு விதமான சிக்கல். அவை யூனிகோடில், லதா எழுத்துருவில் இருப்பவை. தமிழாகத்தான் தெரிந்தன, ஆனால் ஒரு பக்கத்தில் அடங்கிய அழைப்பிதழ் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்து, ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்ற வரி தனியாக மேலே தொங்கியது. விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டால் லதா கூடவே வராது. அந்த இடத்தில் நிர்மலா எழுத்துரு வந்து நிற்கும், அகலமும் வரி உயரமும் வேறு. அமைப்புகளில் கூடுதல் வசதிகள் பகுதிக்குப் போனால் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, லதாவும் விஜயாவும் அதில் உண்டு. சேர்த்ததும் வரி தன் இடத்துக்குப் போனது.

பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவ முடியவில்லை. அதன் நிறுவி 16-பிட் காலத்தது, 64-பிட் விண்டோஸில் 16-பிட் எதுவும் ஓடாது. இனி அடிப்பதற்கு விண்டோஸிலேயே உள்ள ஒலியியல் தமிழ் விசைப்பலகை போதும், அண்ணன் ஒரே மாலையில் பழகிக்கொண்டார். பழையதைத் திருத்த வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். அடிக்கடி தேவைப்படும் உபயப் பட்டியலை மட்டும் என்எச்எம் கன்வெர்ட்டரில் மாற்றினோம். டிஸ்கி கோப்புகள் ஒழுங்காக வந்தன. பாமினி வகை எழுத்துருவில் இருந்தவை வம்பு செய்தன. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உட்கார்ந்திருக்கும். முழுப் பட்டியலையும் ஒரேயடியாக மாற்றியதில் முகவரிகளில் ரோமன் எழுத்தில் இருந்த ‘ஜாலான்’, ‘தாமான்’ போன்ற மலாய்ச் சொற்கள் எல்லாம் எந்த மொழியிலும் இல்லாத தமிழாகிவிட்டன. பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றி, முகவரிப் பத்தியைத் தொடாமல் விட்டோம்.

பிரிண்டருக்கு விண்டோஸ் 10 டிரைவர் இல்லை. அதே மாடலுக்கான விண்டோஸ் 7 64-பிட் டிரைவர் சண்டை போடாமல் ஏறியது. ஸ்கேனருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 32-பிட் டிரைவர் மட்டும்தான்.

இங்கேதான் தொடாமல் வைத்த பழைய டிஸ்க் கைகொடுத்தது. அதில் 32-பிட் 22எச்2 முழுதாக இருக்கிறது. மறுபடி மாட்டி, துவக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேனர் ஓட வேண்டும். ஆனால் பயாஸ் இப்போது ஏஎச்சிஐ, நீலத்திரை வந்தது. பயாஸை ஐடிஇக்குத் திருப்பி, பழைய விண்டோஸில் நுழைந்து, எம்எஸ்கான்ஃபிக் என்ற துவக்க அமைப்புக் கருவியில் ‘சேஃப் பூட்’ டிக் போட்டு, அணைத்து, பயாஸை ஏஎச்சிஐக்கு மாற்றித் துவக்கினால் சேஃப் மோடில் தேவையான டிரைவரை அதுவே பிடித்துக்கொள்கிறது. பிறகு டிக்கை எடுத்துவிட்டால் போதும். இரண்டு விண்டோஸிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்து வைத்தேன். அணைக்காவிட்டால் ஒன்று பாதி உறக்கத்தில் பிடித்து வைத்திருக்கும் டிஸ்க்கில் மற்றொன்று எழுதி, கோப்புகள் கெடும்.

செலவு: 240 ஜிபி எஸ்எஸ்டி 99 வெள்ளி, பழைய 4 ஜிபி ரேம் இரண்டு ஈப்போவில் 50, சாட்டா-யுஎஸ்பி கேபிள் 25, பசை 8, பேட்டரி 4. மொத்தம் 186 வெள்ளி. எச்61-ல் சாட்டா வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், அதனால் எஸ்எஸ்டி 260 எம்பியை ஒட்டியே படிக்கிறது, அட்டையில் போட்டிருப்பது 500-க்கு மேல். எஸ்எஸ்டி வாங்கும்போது விலை குறைந்ததே போதும் என்று நான் எடுத்தது அதனால்தான். சுவிட்சிலிருந்து அழைப்பிதழ் திறக்கும் வரை இப்போது முக்கால் நிமிடம்.

அடுத்த முறை இப்படி ஒரு 32-பிட் கணினி வந்தால் மேம்படுத்தலில் ஒரு காலை நேரத்தைப் போட மாட்டேன், நேராகப் புது டிஸ்க்தான். எழுத்துருப் பட்டியலையும் ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்பதையும் வாடிக்கையாளர் வந்து கோப்பைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுவேன். ஸ்கேனர் டிரைவரை ரேம் வாங்குவதற்கு முன்பே தேடியிருப்பேன்.

இப்போதைக்கு ஸ்கேன் வேலை சேர்ந்ததும் அண்ணன் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு பழைய விண்டோஸில் துவக்கி, மொத்தமாக எடுத்து, இரண்டு விண்டோஸிலும் தெரியும் பொது டிரைவில் போட்டுவிட்டுத் திரும்புகிறார். அக்டோபர் 13-க்குள் அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கும் 8-ஆம் தலைமுறைக் கணினி ஒன்றைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். எழுத்துருக்கள் உள்ள பென்டிரைவ் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.